ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கேட்ட இசைத்தட்டுகள்

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசி வந்தபோது, வழக்கம்போல் விடுதி நினைவுகளை எழுதித் தருகிறேன் என்றுதான் சொன்னேன். விடுதி நினைவுகள் ஏற்கெனவே ஏகப்பட்டது வந்துவிட்டது சார், எல்லாவற்றிலும் அதே சாம்பார், அதே வார்டன், நீங்களாவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்றார் அந்தத் தம்பி. பெரிய மனிதர் யாராக இருந்தாலும் பரவாயில்லையா என்று கேட்டு வைத்துக்கொண்டேன். பரவாயில்லை என்றார். காந்தியடிகளைப் பற்றியும் சர் சி.வி. ராமனைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் நிறைய உண்டு. ஆகவே 1970-இல், 27 வயதில் இறந்துபோன ஒரு கிதார்க்காரரைப் பற்றி எழுதத் துணிந்துவிட்டேன். பெயர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். இன்றைய மாணவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பனியனில் படம் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் காலத்து ஆட்களுக்குத்தான் சொல்ல வேண்டும்: ராக் இசையில் மின்சார கிதாரின் கதையை இவருக்கு முன், இவருக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட ஆள்.

அவர் எப்படி வாசித்தார் என்பதைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். பல்லால் வாசித்தார், முதுகுக்குப் பின்னால் வைத்து வாசித்தார், மேடையிலேயே கிதாரைக் கொளுத்தினார். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வித்தைகளில் எனக்கு ஆர்வம் போய்ப் பல வருஷம் ஆகிறது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த மனுஷன் எதைக் கேட்டார், எப்படிக் கேட்டார்? அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இதற்கு எனக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கமான காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். (மலர்க் குழுத் தம்பி மன்னிக்க வேண்டும், விடுதி வந்தேவிட்டது.)

1973-ஆம் வருஷம். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் வரிசையின் கடைசி அறையில் ஒரு சீனியர் இருந்தார். பெயரைப் போட்டால் உதைப்பார். அந்த வருஷம் விடுதியில் இருந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். பெட்டி மாதிரி மூடித் தூக்கிப் போகக்கூடிய ரெக்கார்டு பிளேயர் ஒன்று அவரிடம் இருந்தது. இசைத்தட்டுகள் மொத்தம் ஆறு. ஐந்து, தமிழ் சினிமாப் பாட்டு. ஆறாவது, சிங்கப்பூரிலிருந்து அவருடைய அத்தை பையன் கொண்டுவந்து கொடுத்தது: ஹென்ட்ரிக்ஸின் இரண்டாவது ஆல்பமான 'ஆக்சிஸ்: போல்டு அஸ் லவ்'. அந்த அட்டையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாட்சாத் விஷ்ணுவின் விசுவரூபம்! நம் ஊர் காலண்டர்களில் வருமே, அதே பாணிப் படம். நடுவில் பெருமாள் இருக்க வேண்டிய இடத்தில் ஹென்ட்ரிக்ஸும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும். ஒருநாள் எங்கள் மெஸ் சமையல்காரர் ஏதோ கணக்குக் கேட்க அறைக்கு வந்தவர், அட்டையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்திப் பாட்டாக்கும் என்று போடச் சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தும் விட்டார். அந்த ஆல்பம் பறக்கும் தட்டைப் பற்றிய ஒரு போலிப் பேட்டியோடு ஆரம்பிக்கும். அடுத்த கணம் ராக்கெட் கிளம்புகிற மாதிரி கிதார் அலறும். மனிதர் எழுந்து போன வேகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்தத் தட்டில் ஓரிடத்தில் ஊசி தாவிக்கொண்டே இருந்தது. நான்தான் இயற்பியல் மாணவனாயிற்றே! திருப்புவிசை, எதிர்விசை என்று கரும்பலகைப் பாடமெல்லாம் நடத்திவிட்டு, அம்பது பைசா நாணயம் ஒன்றை பிளாஸ்திரி போட்டு ஊசி இருக்கும் கையின் தலையில் ஒட்டினேன். தாவல் நின்றது. எல்லாரும் முதுகில் தட்டினார்கள். இரண்டு மாசம் தினமும் போட்டோம். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பார்த்தால் தட்டில் பாட்டைக் காணோம், கரகரப்பு மட்டும்தான் மிச்சம். காசின் பாரத்தில் ஊசி பள்ளத்தையே உழுதுவிட்டிருந்தது. சீனியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த வருஷம் முழுக்க என்னோடு பேசவில்லை. அப்புறம் அவர் ஒரு ஊர், நான் ஒரு ஊர் என்று வாழ்க்கை போய்விட்டது.

அது கிடக்கட்டும். ஹென்ட்ரிக்ஸுக்கு வருவோம்.

1942 நவம்பர் 27-ஆம் தேதி, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். அப்பா ஆல், தோட்ட வேலை செய்து பிழைத்த கறுப்பினத்தவர். அம்மா லூசில். வீட்டில் குடியும் சண்டையும். 1951-இல் பெற்றோர் மணவிலக்குப் பெற்றார்கள். 1958-இல் அம்மா இறந்துபோனார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் நிலையாக இல்லாத பையனுக்கு அப்பாவின் இசைத்தட்டுகள் இருந்தன. மடி வாட்டர்ஸ் போன்றவர்கள் பாடிய ப்ளூஸ். கறுப்பின மக்கள் பருத்திக் காட்டிலிருந்து நகரத்துக்குக் கொண்டுவந்த பாட்டு அது. மடி வாட்டர்ஸின் கிதாரை முதன்முதலாகக் கேட்டபோது பயந்துபோனதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நமக்குப் பிடித்தது என்று நாம் சொல்கிறவை பெரும்பாலும் சுகமாக இருந்தவை. இந்தப் பையனை முதலில் பிடித்துக்கொண்டது, பயமுறுத்திய சத்தம். அந்தப் பிடி கடைசிவரை விடவில்லை.

கையில் கிதார் இல்லாத வயதில் துடைப்பத்தைக் கிதாராக வைத்துக்கொண்டு கூடவே வாசித்தான். அப்பாவோடு ஒரு வீட்டில் குப்பை அள்ளப் போனபோது ஒற்றைத் தந்தி மட்டும் மிஞ்சிய உகுலேலே ஒன்று கிடைத்தது. அந்த ஒரே தந்தியில் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளைக் காதால் கேட்டே பிடித்தான். 1957 செப்டம்பர் 1 அன்று எல்விஸ் சியாட்டிலுக்கு வந்தார். டிக்கெட்டுக்குக் காசு இல்லை. மைதானத்தை ஒட்டிய மேட்டில் நின்று பார்த்தான் பதினான்கு வயசுப் பையன். வீட்டுக்கு வந்து எல்விஸின் படத்தை வரைந்து, சுற்றிலும் அவருடைய பாட்டுகளின் பெயர்களை எழுதி வைத்தான். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. இந்த அபிமானத்தை நாம் எல்லாருமே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செய்திருக்கிறோம், இல்லையா?

1958-இல் ஐந்து டாலருக்கு ஒரு பழைய கிதார் கிடைத்தது. மறு வருஷம் அப்பா ஒரு மின்சார கிதார் வாங்கித் தந்தார். பையன் இடதுகைக்காரன், வலதுகைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டான். சுரக்குறிப்பு படிக்க அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவேயில்லை. அதனால்தான் காது இவ்வளவு கூர்மை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. படிக்கத் தெரியாதவர்கள் எல்லாருக்கும் இந்தக் காது வந்துவிடுமா என்ன? ஆனால் ஒன்று நிச்சயம், ஒரு பாட்டைத் தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி திரும்பத் திரும்பக் கேட்பதுதான்.

1961-இல் திருட்டு கார்களில் சுற்றியதாக இரண்டு தடவை போலீஸில் மாட்டினார். சிறையா பட்டாளமா என்ற நிலை வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து பாராசூட் படைக்குப் போனார். கென்டக்கியில் இருந்த முகாமுக்கு அப்பா கிதாரை அனுப்பி வைத்தார். அதைக் கட்டிக்கொண்டே தூங்குவாராம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய சக சிப்பாய் பில்லி காக்ஸ், சன்னல் வழியாக வந்த கிதார்ச் சத்தத்தைக் கேட்டு உள்ளே போய்த் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். வாழ்நாள் நட்பு அப்படிச் சன்னலோரம் காது கொடுத்ததால் வந்தது. 1962-இல் பட்டாளத்தை விட்டு வெளியே வந்தபின் தெற்கத்தி மாநிலங்களில் கறுப்பின ரசிகர்களுக்கான கிளப்புகளில் மூன்று நான்கு வருஷம் பின்பாட்டுக் கிதார் வாசித்தார். ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்டு என்று பெரிய பெயர்கள்தான். இவருக்குக் கிடைத்தது பட்டினியும் பஸ் பயணமும்.

நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் அவர் இருந்த காலத்துக் கதை ஒன்றை, அப்போது அவரோடு வாழ்ந்த ஃபேய்ன் பிரிட்ஜன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சமயம் ஹென்ட்ரிக்ஸுக்கு பாப் டிலன் மேல் பைத்தியம். டிலன் வெள்ளைக்காரர், யூதக் குடும்பத்துப் பிள்ளை. வாயில் ஹார்மோனிகா, மூக்கால் பாடுகிற குரல். சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசில் ஹென்ட்ரிக்ஸ் டிலன் தட்டை வாங்கிவந்துவிடுவாராம். ஒருநாள் அந்தத் தட்டை ஹார்லெம் கிளப் ஒன்றுக்கு எடுத்துப்போய்ப் போடச் சொன்னார். அங்கே ஆட வந்த கூட்டத்துக்கு இந்தக் கிராமத்து முனகல் எதற்கு? தட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போ என்று விரட்டிவிட்டார்கள்.

இந்தக் கதையை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தனக்குப் பிடித்த ஒன்றைத் தன் ஆட்களிடம் ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் துரத்துவது சாதாரண அவமானம் இல்லை. விடுதிப் பொது அறை ரேடியோவில் சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த நாற்பது பேருக்கு நடுவில் எழுந்துபோய்க் கச்சேரிக்குத் திருப்பியவனுக்கு இது புரியும். அவனை நாம் என்ன செய்தோம் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். (அவனும் இந்த மலரில் எழுதியிருப்பான் என்று நினைக்கிறேன்.) ஹென்ட்ரிக்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார், ஆனால் டிலனை விடவில்லை. இதனால் அவருக்கு ஒரு பெரிய லாபம் உண்டாயிற்று. தம் குரலைப் பற்றி அவருக்கு ரொம்பக் கூச்சம். பாடவே மாட்டார். டிலனே பாடலாம் என்றால் நாமும் பாடலாம் என்ற தைரியம் அந்தத் தட்டுகளைக் கேட்டுத்தான் வந்தது.

1966-இல் நியூயார்க்கில் ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவரை லிண்டா கீத் என்ற ஆங்கிலேயப் பெண் கண்டுபிடித்தார். அவரும் ப்ளூஸ் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவருடைய அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கேட்பார்கள். அவர் மூலமாக வந்த சாஸ் சாண்ட்லர், ஹென்ட்ரிக்ஸை லண்டனுக்கு அழைத்துப்போனார். 1966 செப்டம்பர் 24 அன்று லண்டனில் இறங்கியபோது பெயர் தெரியாத ஆள். ஒரு வருஷத்துக்குள் ஊரே அவர் பின்னால். இதை வேகமாகச் சொல்லித் தாண்டுகிறேன். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு ராத்திரியை மட்டும் விட முடியவில்லை. 1967 ஜூன் 4, சவில் தியேட்டர். பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பம் வெளிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. திரை விலகியதும் ஹென்ட்ரிக்ஸ் அதன் முதல் பாட்டோடு கச்சேரியைத் தொடங்கினார். கூட்டத்தில் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் உட்கார்ந்திருந்தார்கள்! ஊரார் அந்தத் தட்டை உறையிலிருந்து எடுத்துத் தூசு தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் அதைத் தன்வயமாக்கி மேடை ஏற்றிவிட்டார். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 18 அன்று அமெரிக்காவில் மான்டரே விழா. பகலில் நம் ரவிசங்கர் அல்லா ராக்காவின் தபலாவோடு சிதார் வாசித்த அதே மேடையில் ராத்திரி ஹென்ட்ரிக்ஸ் கிதாரைக் கொளுத்தினார். வாத்தியத்தை எரிப்பதா என்று ரவிசங்கர் மனம் நொந்துபோனார். நமக்கும் நோகிறது. ஆனால் வேடிக்கை பாருங்கள், ஹென்ட்ரிக்ஸின் வீட்டு அடுக்கில் ரவிசங்கரின் தட்டுகளும் இருந்தன.

அந்த விசுவரூப அட்டைக்கும் இங்கேயே ஒரு வரி. அது அவர் கேட்டு வந்ததில்லை. கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு செய்தது. தம் குடும்பத்தில் அமெரிக்கப் பழங்குடி ரத்தம் உண்டு என்று அவர் எண்ணியிருந்தார். இந்தியர் படம்தான் போட வேண்டுமென்றால் அந்த இந்தியரைப் போட்டிருக்கலாமே என்பது அவர் குறை.

இனி நான் சொல்லவந்த வீடு. 1968 ஜூலையில், லண்டன் புரூக் தெரு 23-ஆம் எண் மாடியில், காத்தி எட்சிங்ஹாம் என்ற தம் தோழியோடு குடிபோனார். வாரம் 30 பவுன் வாடகை. கீழே உணவு விடுதி. பல ஊர், பல ஓட்டல், யார் யார் வீட்டுச் சோபாவிலோ படுத்து வளர்ந்த ஆளுக்கு, இதுதான் முதன்முதலாகத் தம் வீடு என்று தோன்றிய இடம். பக்கத்து ஜான் லூயிஸ் கடையில் அவரே திரைச்சீலை வாங்கினார். சாயந்தரம் டிவியில் தொடர் பார்ப்பார், டீ குடிப்பார். மேடையில் பேயாட்டம் ஆடியவர் என்றால் நம்ப முடியுமா?

இசைத்தட்டுகள் வாங்க நடந்தே போவார். ஆக்ஸ்போர்டு தெருவில் எச்.எம்.வி. கடை, சவுத் மோல்ட்டன் தெருவில் ஒன் ஸ்டாப் கடை. வாங்கிவந்து சேர்ந்தவை சுமார் நூறு. பெரிய பணக்கார ராக் நட்சத்திரத்துக்கு நூறு தட்டு ஒன்றுமே இல்லை. ஆனால் அடுக்கைப் பாருங்கள். மடி வாட்டர்ஸ், எல்மோர் ஜேம்ஸ், ஹவ்லின் வுல்ஃப், லைட்னின் ஹாப்கின்ஸ், ராபர்ட் ஜான்சன் என்று அப்பா வீட்டுச் சொத்தான ப்ளூஸ் ஒரு கட்டு. டிலன் ஒரு கட்டு. பீட்டில்ஸ். ஜாஸ் கிதாரில் வெஸ் மான்ட்கோமரி. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று ஊதுகுழல்களை வாயில் வைத்து வாசித்த, கண் தெரியாத ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கர்க். சிரிப்பதற்கு ஒரு நகைச்சுவைப் பேச்சாளரின் தட்டுகள். ஊடே ரவிசங்கர். அப்புறம் ஹாண்டல்!

ஹாண்டல் வந்த விதம் அழகானது. குடிபோன பிறகுதான், அந்த வரிசைச் சுவரில் ஹாண்டல் வாழ்ந்த இடம் என்ற நீலப் பலகை இருப்பது அவருக்குத் தெரியவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய இசை மேதை, 1723 முதல் 1759-இல் சாகும்வரை இருந்தது பக்கத்து 25-ஆம் எண் வீடு. இடையில் ஒரே சுவர். புகழ்பெற்ற 'மெசியா'வை 1741-இல் 24 நாளில் எழுதி முடித்ததும் அங்கேதான். தெரிந்ததும் ஹென்ட்ரிக்ஸ் கடைக்குப் போய் 'மெசியா' தட்டை வாங்கிவந்துவிட்டார். அண்டை வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்துகொள்ளும் மரியாதை மாதிரி எனக்குத் தோன்றுகிறது. ஹாண்டலும் கேட்டதை எல்லாம் எடுத்துக்கொள்கிற ஆள்தான். பிறர் மெட்டுகளைத் தாராளமாகத் தம் இசையில் சேர்த்துக்கொண்டவர் என்பது இசை படித்தவர்களுக்குத் தெரியும்.

கேட்கும் முறை? பேங் அண்ட் ஓலுஃப்சன் பிளேயர், லௌதர் ஸ்பீக்கர்கள். சத்தத்தை உச்சத்தில் வைத்துக் கேட்பார். ஸ்பீக்கர்கள் அடிக்கடி போய்விடும், பழுது பார்த்து வாங்கிவருவார்கள். சுற்றுப்புறம் கடைகளும் அலுவலகங்களும்தான், ராத்திரியில் புகார் சொல்ல ஆளில்லை. நண்பர்கள் வந்தால் அவரே தட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் கிதாரை வைத்துக்கொண்டு கூடவே வாசிப்பார். துடைப்பத்தோடு வாசித்த பையன்தானே! ஸ்பீக்கர் அதிர்ச்சியில் ஊசி தாவும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, ஊசிக் கையின் மேல் அரைப் பென்னி காசு ஒன்றை ஒட்டி வைத்தது.

ஆமாம், காசு. 2018-இல் லண்டனில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு இது தெரிந்தது. அந்தப் புரூக் தெரு மாடியை 2016-இல் பழையபடி ஒழுங்கு செய்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கட்டில், விரிப்பு, திரைச்சீலை எல்லாம் அன்று இருந்த மாதிரியே. விளக்கம் சொன்ன பெண்மணி காசு சமாச்சாரத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் நகரவில்லை. அந்தக் காலத்து அரைப் பென்னி ஐந்தரை கிராமுக்குச் சற்று மேல். நம் அம்பது பைசா ஐந்து கிராம். நல்ல ஊசிக்கு இரண்டு மூன்று கிராம் அழுத்தமே தாராளம் என்பது பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டது. 45 வருஷமாக முட்டாள்தனம் என்று மறுகிக்கொண்டிருந்ததை, தட்டில் வாசித்தவரே தம் வீட்டில் செய்திருக்கிறார்! அப்படியானால் அவருக்குப் பிடித்த தட்டுகள்தான் அவர் வீட்டில் சீக்கிரம் அழிந்திருக்கும். கேட்கக் கேட்கத் தேய்த்துத் தீர்ப்பதுதான் அந்த மனுஷன் கேட்ட முறை.

அப்படிக் கேட்டதன் பலன் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பம் 1967 டிசம்பர் கடைசி வாரம் வெளியானது. அதில் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' என்று இரண்டரை நிமிஷப் பாட்டு. சாதாரணக் கிதார், ஹார்மோனிகா, பின்னால் மெல்லிய தாளம், அவ்வளவுதான். 1968 ஜனவரி 21 அன்று ஹென்ட்ரிக்ஸ் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்ய உட்கார்ந்துவிட்டார். நான்கு வாரம்கூட ஆகவில்லை. திரும்பத் திரும்ப எடுத்ததில் பாஸ் கிதார் வாசிக்கும் நோயல் ரெடிங் பொறுமை இழந்து வெளியே போய்விட்டார். பாஸையும் ஹென்ட்ரிக்ஸே வாசித்தார். பிறகு நியூயார்க்கில் மாசக்கணக்கில் மேலே மேலே சேர்த்து இழைத்தார். டிலன் பாட்டில் எங்கோ தூரத்தில் உறுமிய காற்று, இவர் பாட்டில் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. செப்டம்பரில் வெளிவந்து பிரிட்டனில் 5-ஆம் இடம், அமெரிக்காவில் 20-ஆம் இடம். அதைவிடப் பெரிய விஷயம், டிலனே 1974 முதல் மேடையில் அந்தப் பாட்டைக் கிட்டத்தட்ட ஹென்ட்ரிக்ஸ் வழியில்தான் பாட ஆரம்பித்தார். எழுதியவருக்கே தம் பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுச் சொன்னார், ஹார்லெம் கிளப்பிலிருந்து துரத்தப்பட்ட அந்த ரசிகர்.

ரோலண்ட் கர்க்கோடும் 1969 மார்ச்சில் லண்டன் ரோனி ஸ்காட் கிளப்பில் சேர்ந்து வாசித்தார். அடுக்கில் தட்டாக இருந்தவர் பக்கத்தில் நிற்கிறார்! அதே மாசம் அமெரிக்கா திரும்பினார். காத்தியோடு இருந்த வாழ்க்கையும் புரூக் தெரு வீடும் அத்தோடு போயின. ஆகஸ்டில் வுட்ஸ்டாக். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பழைய பாராசூட் சிப்பாய் தம் நாட்டுத் தேசிய கீதத்தைக் குண்டுச் சத்தமும் ஓலமுமாகக் கிதாரில் வாசித்தார். செப்டம்பர் 5 அன்று ஹார்லெமில் இலவசமாக ஒரு தெருக் கச்சேரி. ஊரெல்லாம் கொண்டாடும் ஆள் தம் மக்களிடம் வந்து நின்றபோது, மேடை மேல் பாட்டிலும் முட்டையும் பறந்து வந்தன. வெள்ளைக்காரர் பாட்டு வாசிக்கிறவன் என்ற பேச்சு அப்போதும் ஓயவில்லை. கறுப்பின வானொலிகள் அவர் பாட்டை அதிகம் போட்டதுமில்லை. கூட்டம் பாதிக்கு மேல் கலைந்தபோதும் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார். வாசித்தது என்னவோ மடி வாட்டர்ஸ் வழி வந்த ப்ளூஸ்தான், அதைக் கேட்கத்தான் அன்று காது இல்லை.

1970 ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க்கில் அவர் ஆசைப்பட்டுக் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோ திறக்கப்பட்டது. இனி இஷ்டம்போல் கேட்கலாம், இஷ்டம்போல் பதியலாம். மூன்று வாரம்தான். செப்டம்பர் 18 அன்று லண்டனில், அளவுக்கு மீறிச் சாப்பிட்ட தூக்க மாத்திரையால் உறக்கத்தில் மூச்சடைத்து இறந்தார். இதற்கு மேல் வதந்திகள் ஆயிரம் உண்டு, எனக்கு வேண்டாம். சியாட்டிலில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் வந்து நின்றார்.

புரூக் தெருவிலிருந்து இறங்கி வந்த அன்றே, மகளைக் கூட்டிக்கொண்டு பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் நுழைந்து தேடினேன். அந்த விசுவரூப அட்டையோடு ஒரு பிரதி கிடைத்தது. விலையை என் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தச் சந்திப்புக்கு அந்தச் சீனியரும் வருவதாகப் பட்டியலில் பெயர் பார்த்தேன். பெயரைப் பார்த்த நாளே தட்டைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய விடுதிக் கடைசி அறை வாசலில் நிற்பேன். ரெக்கார்டு பிளேயருக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது அவர் பொறுப்பு. காசு ஒட்ட மாட்டேன் என்று இதன்மூலம் எழுத்தில் உறுதி தருகிறேன்.